கோட்டுக்கு மேலே ஒரு படுக்கை

இத்தாலியில் பாரி நகரத்து அல்பேனியர் சங்கத்துக்கு இந்த வருஷத்தோடு இருபது வயது நிறைகிறது. அதற்கு ஒரு மலர் போடுகிறார்களாம். இங்கே படிக்க வந்து நல்ல நிலைக்குப் போன சாதாரண ஆள் ஒருவரைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் என்னிடம் கேட்டார். யாரைப் பற்றி என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"நம்ம பெசியானாவைப் பத்திதான். அவளோட ஒரே ரூம்ல கிடந்தவ நீதானே மிமோசா? உன்னைவிட யாருக்கு அவளைத் தெரியும்?"

வாஸ்தவம். அவள் வாங்கிய மதிப்பெண்கள், அவளிடம் இருந்த இரண்டே ஸ்வெட்டர்கள், தூக்கத்தில் அவள் பல்லைக் கடிப்பது வரைக்கும் எனக்குத் தெரியும். பொறாமைக்காரி இன்னொருத்தியை உற்றுப் பார்க்கிற மாதிரி பெற்ற தாய்கூடப் பார்க்க மாட்டாள். அதனால் எழுதுகிறேன். இதை அச்சில் போடுவதும் போடாததும் செயலாளர் பாடு.

முதலில் அவளைப் பற்றி நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு மனசு வருமோ வராதோ. பெசியானா கூகெஸ் ஊர்க்காரி. அல்பேனியாவின் வடக்கில், மலைகளுக்கு நடுவில் இருக்கிற ஊர். அம்மா பள்ளிக்கூடத்தில் தரை துடைப்பவர். கோடையில் அம்மாவும் மகளும் மலையேறி மலைத்தேயிலை பறித்து, கட்டுக் கட்டி, நெடுஞ்சாலை ஓரத்தில் உட்கார்ந்து விற்பார்கள். அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அப்பா கட்டட வேலைக்கு கிரீஸ் போனார். முதல் வருஷம் பணம் வந்தது, இரண்டாம் வருஷம் போன் வந்தது, மூன்றாம் வருஷம் ஒன்றுமே வரவில்லை. அம்மா ஏழு வருஷம் பொறுத்துப் பார்த்தார். பிறகு நீதிமன்றத்துக்குப் போய், குடும்பச் சான்றிதழிலிருந்து அந்த மனிதர் பெயரை எடுக்க வைத்தார். அதிலிருந்து அவர்கள் சான்றிதழில் இரண்டே வரிதான். அம்மா ஒன்று, மகள் ஒன்று. தலைநகர் திரானாவில் ஒரு ரொட்டிக்கடையில் விடிகாலை வேலை பார்த்துக்கொண்டே பெசியானா பட்டம் வாங்கினாள். மேல்படிப்புக்குக் கப்பலேறி பாரிக்கு வந்தாள்.

நான் வ்லோரா. கடற்கரை. எங்கள் பக்கம் பிறந்த குழந்தை தாய்மொழியோடு சேர்த்து இத்தாலியத் தொலைக்காட்சியையும் குடித்து வளரும். பட்டம் முடித்து இரண்டு வருஷம் போனில் இத்தாலியர்களுக்கு மின்சார இணைப்பு விற்றேன். அந்த வேலையில் என் பெயர் மோனிக்கா. மிலானோவில் இருக்கிற கிழவர்கள் என்னை மிலானோக்காரி என்றே நம்பினார்கள். அந்தச் சம்பளத்தைச் சேர்த்து வைத்துத்தான் நானும் பாரிக்கு மேல்படிப்புக்கு வந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே பாடம், உணவுத் தொழில்நுட்பம்.

உதவித்தொகை அலுவலகத்து வரிசையில்தான் அவளை முதலில் பார்த்தேன். செப்டம்பர் வெயில், வெளிநாட்டுப் பிள்ளைகள் எண்பது பேர், ஒரே ஒரு ஜன்னல். எனக்கு முன்னால் நின்ற இவள் குனிந்து ஜன்னலுக்குள் பேசினாள். அவள் இத்தாலியம் வினைச்சொல்லை அப்படியே வேரோடு பிடுங்கி வைக்கிற இத்தாலியம்.

"நான் காகிதம் கொடுக்க. நீ காகிதம் பார்க்க. நல்லா இல்லைன்னா நான் திரும்ப வர."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஜன்னலுக்குள் இருந்த பெண் சிரிக்கவில்லை. எழுந்து வெளியே வந்து, ஒவ்வொரு தாளாக எடுத்துக் காட்டி, எந்த முத்திரை இருக்கிறது, எது பாக்கி என்று இரண்டு தரம் சொல்லிக் கொடுத்தாள். அடுத்தது நான். ஒரு பிழை இல்லாமல், மரியாதை கொடுத்து, மோனிக்காவின் குரலில் கேட்டேன்.

"உங்களுக்குத்தான் இவ்வளவு நல்லாத் தெரியுதே, பலகையில ஒட்டியிருக்கு, படிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னலை அடைத்தாள்.

அன்றைக்கே எனக்குள் அது ஆரம்பித்துவிட்டது.

அக்டோபரில் பட்டியல் வந்தது. பட்டியல் என்றால் இங்கே எல்லாருக்கும் ஒன்றுதான். வீட்டு வருமானம் குறைந்தவர் மேலே, கூடியவர் கீழே. பெயர் போட மாட்டார்கள், எண் மட்டும்தான். ஆனாலும் எந்த எண் யாருடையது என்பது ஒரே நாளில் ஊருக்கே தெரிந்துவிடும். நிதி எங்கே தீர்கிறதோ அங்கே ஒரு கோடு விழும். கோட்டுக்கு மேலே இருந்தால் விடுதியில் படுக்கை, கான்டீனில் இரண்டு வேளைச் சாப்பாடு, வருஷத்தில் இரண்டு தவணைப் பணம். கோட்டுக்குக் கீழே இருந்தால் படிப்புக் கட்டணம் மட்டும் கட்ட வேண்டாம், மற்றபடி 'தகுதி உண்டு, நிதி இல்லை' என்று நம் எண்ணுக்கு எதிரே எழுதியிருக்கும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதை அரசாங்கம் இப்படித்தான் எழுதும்.

கோடு நூற்றுப் பன்னிரண்டாவது ஆளுக்குக் கீழே விழுந்தது. பெசியானா முப்பத்தேழு. நான் நூற்றுப் பத்தொன்பது.

என்னைக் கீழே தள்ளியது என் அண்ணன். அவன் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். நாலு வருஷமாக வீட்டுக்கு ஒரு காசு அனுப்பியதில்லை. ஆனால் எங்கள் குடும்பச் சான்றிதழில் அவன் பெயர் இன்னும் இருக்கிறது, அதனால் அவன் சம்பளத்தில் பாதி எங்கள் வருமானம் என்று கணக்கு. அவன் தனியாக ஒரு சான்றிதழ் எடுத்திருந்தால் நான் நாற்பதுக்குள் வந்திருப்பேன். விண்ணப்பிப்பதற்கு முன்பே அப்பாவிடம் போனில் மன்றாடினேன்.

"அவன் இங்கயாப்பா இருக்கான்? தனியாப் பதிஞ்சுக்கச் சொல்லுங்க. ஒரு நாள் வேலை."

"பொண்ணு கட்டிக் கொடுத்தா பேர் போகும், செத்தா பேர் போகும். உயிரோட இருக்கிற ஆம்பளப் பிள்ளை பேரை நான் வெட்டணுமா? அப்பனும் மகனும் அடிச்சுக்கிட்டாங்கன்னு தெருவே பேசும்."

"தெருவா வந்து எனக்கு வாடகை கட்டும்?"

"அப்ப கிறிஸ்துமஸோட கிளம்பி வா. கரண்டு வித்தியே, அந்த நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்கு."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் சேர்த்து வந்த பணம் வாடகை கட்டினால் கிறிஸ்துமஸ் வரைக்கும்தான் தாங்கும். சனி, ஞாயிறு ஒரு உணவகத்தில் தட்டு கழுவினேன், அது பஸ்ஸுக்கும் ரொட்டிக்கும் சரியாகப் போயிற்று. ஒரு படுக்கை கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் மோனிக்கா. அவ்வளவுதான் என் நிலைமை.

பெசியானாவின் சான்றிதழில் இரண்டே வரி இருந்ததைப் பற்றி நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஓடிப்போன அப்பன்கூட இவளுக்கு உதவியாக ஓடியிருக்கிறான் என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்கப் போவதில்லை.

அவள்தான் என்னைக் கூப்பிட்டாள். நான் வாடகைக்கு இருந்த அறையில் கூரை ஒழுகி, மெத்தை நனைந்து, வீட்டுக்காரனோடு சண்டை போட்டுவிட்டு நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். பெசியானா எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"பெட்டியை எடுத்துட்டு வா. என் ரூம்ல தரை சும்மாத்தான் கிடக்கு."

"விடுதியில வெளியாள் தங்கக் கூடாதுடி. பிடிச்சா உன் இடம் போயிடும்."

"வெளியாள் யாரு? நீ விருந்தாளி. எங்க ஊர்ல வீடு கடவுளுக்கும் விருந்தாளிக்கும்தான் சொந்தம். நாங்க சும்மா குடியிருக்கிறோம்."

"மலைக்காட்டாள் பேசற பேச்சைப் பாரு" என்றேன். வடக்கத்தியரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். சிரித்துக்கொண்டே என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள்.

ரயில் பாதைக்குப் பின்னால் நாலு மாடி விடுதி. அவளுக்கு நாலாம் மாடியில் ஒற்றை அறை, பால்கனியோடு. விதிப்படி விருந்தாளி காலை பத்துக்கு மேல் வந்து, அடையாள அட்டையை வாசலில் கொடுத்து, இரவு பத்துக்குள் வெளியேற வேண்டும். வாசல் காவலாளி சபீனோ பாரிக்காரர், பெரிய வயிறு, அதைவிடப் பெரிய மனசு. பெசியானா தினமும் காலையில் அவருக்கு ஒரு கோப்பை மலைத்தேநீர் கொண்டுபோய் வைப்பாள். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இங்க பாரும்மா. நான் பந்தாட்டம் பாக்கிறப்போ எனக்குக் கண்ணு தெரியாது. தினமும் ஒன்பது மணிக்கு எங்கயாவது ஒரு ஆட்டம் இருக்கும். புரிஞ்சுதா?"

இப்படியாக ஆறு வாரம் அவள் தரையில் படுத்தேன். கான்டீனிலிருந்து இரண்டாவது தட்டை டப்பாவில் போட்டுக் கொண்டுவருவாள். எனக்குப் பிடிக்கும் என்று பொரித்த கத்தரிக்காயாகப் பார்த்து எடுப்பாள். குளிர் வந்ததும் தன் போர்வை இரண்டில் கனமானதை எனக்குக் கொடுத்தாள். கொடுக்கக் கொடுக்க எனக்கு வயிறு எரிந்தது. கொடுப்பதற்கு அவளிடம் இருக்கிறது, வாங்குவதற்குத்தான் நான் என்று தோன்றும். கட்டில் மேலிருந்து அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். ஒரு முழம் உயரம்தான் வித்தியாசம், அந்த ஒரு முழத்தைத்தான் அளந்துகொண்டே கிடப்பேன்.

படிப்பிலும் அதே கதைதான். நவம்பரில் புள்ளியியலில் இடைப்பருவத் தேர்வு வந்தது. இங்கே தேர்வு வாயால்தான், பேராசிரியர் எதிரே உட்கார்ந்து, மற்ற மாணவர்கள் பின்னால் கேட்டுக்கொண்டிருக்க. முப்பதுக்கு மதிப்பெண், பதினெட்டு வந்தால் தேர்ச்சி. பெசியானா தன் நொண்டி இத்தாலியத்தில் இரண்டு வார்த்தை பேசினாள், பிறகு எழுந்து பலகையில் எழுத ஆரம்பித்தாள். பேராசிரியர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். முப்பது கொடுத்தார். அடுத்து நான் போய் அழகாகப் பேசினேன். இருபத்தாறு.

பிடிக்காத மதிப்பெண்ணை வேண்டாம் என்று சொல்லி மறுபடி தேர்வுக்கு உட்கார இங்கே மாணவருக்கு உரிமை உண்டு. தலையில் ஏறிய சூட்டில் "வேண்டாம் ஐயா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

"இருபத்தாறை வேண்டாம்னு சொன்னியா?" பெசியானா நடு வராந்தாவில் நின்றுவிட்டாள். "பைத்தியமாடி உனக்கு? பாதிப் பேருக்கு பதினெட்டே வரல!"

"முப்பது வாங்கறவ பேசலாம்."

"முப்பதும் இருபத்தாறும் ஒரே பாஸ்தான்டி. நீ யாரோட போட்டி போடற?"

அது அவளுக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது. போட்டியில் எதிராளி இருப்பதே தெரியாமல் ஜெயித்துக்கொண்டிருக்கிறவளை என்ன செய்வது?

அதற்குள் பட்டியல் நகர்ந்துகொண்டிருந்தது. இடம் கிடைத்தவர்களில் யாராவது வராமல் போனால், ஊருக்குத் திரும்பினால், கோடு ஒரு ஆள் கீழே இறங்கும். ஒரு துனீசியப் பையனுக்குப் பிரான்சில் இடம் கிடைத்தது. ஒரு ஜார்ஜியப் பெண்ணுக்கு விசா வரவில்லை. ஒவ்வொன்றையும் நான் கேட்டு வைத்துக்கொண்டேன். யாருக்கோ காய்ச்சல் என்றால்கூட, ஊருக்குப் போவாளா என்று விசாரித்தேன். நவம்பர் கடைசி வாரத்தில் கோடு நூற்றுப் பதினெட்டில் வந்து நின்றது. காத்திருப்போரில் முதல் ஆள் நான். இனி ஒரே ஒரு படுக்கை காலியானால் போதும், யாருடையதாக இருந்தாலும் சரி.

நவம்பர் இருபத்தெட்டு எங்கள் கொடி நாள். சங்கத்தில் கூடினோம். பெசியானா விடுதிச் சமையலறையில் கீரை வைத்து அடுக்கடுக்காக நாலு தட்டு பிரெக் சுட்டுக் கொண்டுபோயிருந்தாள். மாவு விரித்துக் கொடுத்தது, கீரை அரிந்தது, தட்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் நின்றது நான். இதே செயலாளர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

"அம்மா கைப்பக்குவம்டா சாமி! பெசியானா, நீ வந்தப்புறம்தான் இந்தச் சங்கமே சங்கம்."

"மிமோசாவும் சேர்ந்துதான் பண்ணினா" என்றாள் அவள்.

"ஓகோ, மிமோசாவுக்கு மாவெல்லாம் தெரியுமா? போன்ல விக்கத்தான் தெரியும்னு நினைச்சேன்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஐயா செயலாளரே, நீங்கள் மறந்திருப்பீர்கள், நான் மறக்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணி. நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். கீழிருந்து அறைத் தொலைபேசி ஒரே ஒரு தரம் அடித்து நின்றது. சபீனோவின் எச்சரிக்கை அது. சோதனை வந்திருக்கிறது. பெசியானா ஒரு நொடியில் என் மெத்தையைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளி, என்னைப் பால்கனிக்கு அனுப்பி, பால்கனியின் சுருள் கதவை உட்பக்கத்துப் பட்டையால் அடிவரைக்கும் இறக்கினாள். வெளியே கடல் காற்று. நான் இரவு உடையோடு, கையில் பல்துலக்கியோடு, துணிக்கொடிக்கு அடியில் நின்றேன். கதவின் சன்னமான இடுக்கு வழியாக உள்ளே பேசுவது எல்லாம் கேட்டது.

அலுவலகத்திலிருந்து வந்த அம்மாள் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். அறையைப் பார்த்தார், குளியலறையைப் பார்த்தார், ஏதோ எழுதினார்.

"எல்லாம் சுத்தமா வச்சிருக்கீங்க. நன்றி. நல்லாப் படிங்க" என்றார். அவர் செருப்புச் சத்தம் வாசலை நோக்கிப் போயிற்று. கைப்பிடி திரும்புகிற சத்தமும் கேட்டது.

நான் இருமினேன்.

எனக்குச் சளி இல்லை. தொண்டையில் எதுவும் சிக்கவில்லை. குளிரில் வந்தது, பற்பசை ஏறிவிட்டது என்று பிறகு எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன், நான்கூட நம்பவில்லை. அந்தக் கைப்பிடி திரும்பியபோது, 'போச்சு, இந்தப் படுக்கையும் போச்சு' என்று ஒரு நினைப்பு வந்தது. அடுத்தது இருமல். ஒரு தரம்தான், ஆனால் நன்றாகக் கேட்கும்படி.

செருப்புச் சத்தம் பால்கனிப் பக்கம் திரும்பி வந்தது.

"பால்கனியில யாரு?" என்றார் அந்த அம்மாள்.

"என் விருந்தாளி" என்றாள் பெசியானா.

"கதவை ஏத்துங்க."

"நான் ஏத்த மாட்டேன்."

"இதோ பாருங்க, நான் ஒண்ணும் போலீஸ் இல்ல, உங்க கையிலிருந்து பட்டையைப் பிடுங்க மாட்டேன். ஆனா விதியைச் சொல்லிடறேன். அந்தப் பொண்ணு பேரைச் சொல்லுங்க. சொன்னா உங்களுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அதோட முடிஞ்சுது. அவங்க மாணவியா இருந்தா அவங்க பேரைக் காத்திருப்புப் பட்டியல்லேர்ந்து எடுத்துடுவோம். சொல்லாட்டி முழுப் பொறுப்பும் உங்களோடது. இந்த அறை போயிடும்."

"நீ என் பேர் எழுத. அவள் பேர் நான் கொடுக்க மாட்டேன்."

"யோசிச்சுப் பேசுங்கம்மா. யாரோ ஒருத்திக்காக இடத்தை விடுவாங்களா?"

"யாரோ இல்லை. என் ரொட்டி சாப்பிட. என் வீட்டில் தூங்க. விருந்தாளியை நாங்கள் கையில் பிடித்துக் கொடுக்க மாட்டோம். நீ எழுத."

கதவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கை அகலம்கூட இல்லை. கதவைத் தட்டி, "நான்தான், மிமோசா" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிழையில்லாத இத்தாலியத்தில் சொல்லியிருக்கலாம். பல்துலக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர் வீட்டுக்காரி ஒருத்தி துணி உலர்த்த வந்தவள் என்னைப் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று உள்ளே போய்விட்டாள். பேனா தாளில் கீறுகிற சத்தம் கேட்டது. பிறகு கதவு சாத்தப்பட்டது.

பெசியானா பட்டையை இழுத்துக் கதவை ஏற்றினாள். என்னைப் பார்த்தாள். "உள்ள வா, நடுங்கறியே" என்றாள். அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். திட்டு வாங்கியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சர்க்கரை எவ்வளவு என்று மட்டும் கேட்டாள். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று நம் ஆட்கள் சொல்வார்களே, அந்த ரெண்டகத்தைச் செய்துவிட்டு அதே வீட்டில் தேநீரும் குடித்தேன்.

பத்து நாளில் அவளுக்குக் கடிதம் வந்தது. படுக்கையை மட்டும் பிடுங்கினார்கள், உதவித்தொகைப் பணத்தை விட்டுவிட்டார்கள். அதே நாள் மதியம் என் போனில் செய்தி. ஒரு இடம் காலியாகியுள்ளது, ஐந்து நாளுக்குள் ஏற்றுக்கொள்ளவும். கட்டட முகவரி போட்டு, நாலாம் மாடி என்று போட்டு, அறை எண்ணும் போட்டிருந்தார்கள். தட்டு கழுவிக்கொண்டிருந்த ஈரக்கையோடு அதைப் படித்தேன். சந்தோஷம் வந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, நன்றாகவே வந்தது. அந்த நிமிஷமே 'ஏற்கிறேன்' என்று அழுத்தினேன்.

அவளுக்கு லிபெர்த்தா பகுதியில் ஒரு வீடு கிடைத்தது. முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஜார்ஜியப் பெண்கள் ஆறு பேர் சேர்ந்து எடுத்த வீடு. வாரமெல்லாம் வேலை செய்யும் வீட்டிலேயே தங்குவார்கள், வியாழன் மதியமும் ஞாயிறும்தான் அங்கே வருவார்கள். அந்த இரண்டு நாளும் பெசியானா சமையலறையில் படுத்துக்கொள்வது என்று பேச்சு. அம்மாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த பணம் அந்த வாடகைக்குப் போயிற்று. அப்படியும் படிப்பு முடிகையில் மொத்த மதிப்பெண் நூற்றுப் பத்துக்கு நூற்றுப் பத்து, அதற்கு மேல் பாராட்டும் சேர்த்து வாங்கினாள். பிறகு படுவாவில் ஆய்வுப் படிப்புக்கு முழு உதவித்தொகை. இப்போது அங்கேயே ஒரு சோதனைக்கூடத்தில் பெரிய வேலை. செயலாளருக்கு வேண்டிய பகுதி இதுதான், இதை மட்டும் வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். நான் நூற்றுமூன்றில் முடித்து, இதே ஊரில் வெளிநாட்டு மாணவர்களுக்கு வருமானப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். அல்பேனியப் பிள்ளைகள் வந்தால் குடும்பச் சான்றிதழில் எத்தனை வரி என்றுதான் முதலில் பார்ப்பேன்.

சாவி மாற்றுகிற அன்றைக்கு நடந்ததோடு முடித்துக்கொள்கிறேன். டிசம்பர் பதினான்கு, மதியம். சபீனோ சாவியை மேஜைமேல் தள்ளினார். என் கையில் கொடுக்கவில்லை.

"நாலாம் மாடி. வழி தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரியாம எங்க போகும்" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே ஆட்டம் எதுவும் ஓடவில்லை.

படியேறும்போது மனசுக்குள் ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே போனேன். இரண்டு நாளாகத் தயார் செய்த வாக்கியம். 'கேளு பெசியானா, நீ கேட்கிறது நியாயம்தான், ஆனா இப்ப சோதனை கடுமையாயிடுச்சு, பிடிபட்டா ரெண்டு பேருக்குமே இல்லாம போயிடும்.' நான் படுத்த மாதிரி அவளும் தரையில் படுத்துக்கொள்ளக் கேட்டால் மறுப்பதற்கு. வார்த்தை மாற்றி, குரல் மாற்றி, கண்ணில் கொஞ்சம் வருத்தம் சேர்த்து எல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். இரண்டு வருஷம் போனில் விற்றவளுக்கு இது பெரிய காரியமில்லை.

அறையைத் துடைத்து வைத்திருந்தாள். ஒரே ஒரு பெட்டி, ஒரு துணிப்பை. என்னைக் கூட்டிப் போய் ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"குழாயை இடது பக்கம் முழுசாத் திருப்பாதே, கையோட வந்துடும். ஹீட்டர் எரியலைன்னா கீழ ஒரு உதை விடு. பால்கனி கதவு இடுக்குல துணி அடைச்சு வச்சிருக்கேன், காத்து வராது."

"சரி."

"இருமல் சரியாப் போச்சா?"

அவள் துணிப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டே கேட்டாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எந்த இருமல்?" என்றேன்.

"அதான்" என்றாள். அவ்வளவுதான். பெட்டியைத் தூக்கினாள். "வியாழக்கிழமை வராதே, வீடு நெரிசலா இருக்கும். மத்த நாள் வா, பிரெக் சுடறேன். கத்தரிக்காய் வேணும்னா கான்டீன்ல முன்னாடியே போயிடு, ஒரு மணிக்குள்ள தீர்ந்துடும்."

நான் வாசலில் நின்றேன். இப்போது கேட்பாள் என்று நின்றேன். அவள் ஒரு படி இறங்கினாள், இரண்டு படி இறங்கினாள். பெட்டி ஒவ்வொரு படியிலும் இடிக்கிற சத்தம் நாலு மாடியும் கேட்டது. கீழே சபீனோ "இங்க கொடும்மா, நான் தூக்கறேன்" என்று எழுந்து வருவதும் கேட்டது. அவள் கேட்கவே இல்லை. கேட்டால் நான் மறுப்பேன் என்று அவளுக்குத் தெரியும். மறுக்கிற அவமானம்கூட எனக்கு வேண்டாம் என்று அதையும் சேர்த்து விட்டுக்கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்தப் படுக்கையில் உட்கார்ந்து நான் அழுதேன் என்று எழுதினால் சங்கத்துக்குப் பிடிக்கும். அழவில்லை. அவள்மேல் பொறாமையாக இருந்தது.